வெளிர் சாம்பலில் ஒரு கதவு

மரகதம் லிஃப்டுக்குள் குடியேறியது ஆடி மாதம். மார்கழி முடியப் போகிறது, இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வாடகை கிடையாது. காற்றோட்டம் பரவாயில்லை. ஆறாவது மாடியைத் தாண்டும்போது கொஞ்சம் வெயில் வரும். அப்போது அப்பளம் காய வைத்துக்கொள்வாள். ரேஷன் கார்டில் முகவரியைக்கூட மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த லிஃப்டின் தொடுதிரையை வடிவமைத்தவன் அவளுடைய தம்பி திருமாறன். அதே கட்டடத்தில் எட்டாவது மாடியில் வேலை. தம்பி செய்த லிஃப்டில் ஒரு தடவை போய்வர வேண்டும் என்று வேலூரிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள். ஏறினாள். இறங்கவில்லை.

இறங்குவது சுலபம்தான். திரையின் வலது கீழ் மூலையில் ‘வெளியேற’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு விரலால் தொட வேண்டும். கண் நிற்காத இடத்தில் விரலை வைத்தால் திரை கண்டுகொள்ளாது. தொட்டவருக்கு மட்டும்தான் கதவு திறக்கும். அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொருவர் வெளியேற முடியாது. பாதுகாப்பு ஏற்பாடு.

வெள்ளைத் திரையில் அந்தச் சொல் வெளிர் சாம்பலில் இருந்தது. திருமாறன் அந்த நிறத்துக்கு ‘மார்கழிப் பனி’ என்று பெயர் வைத்திருந்தான். நாற்பதைத் தாண்டியவர்களின் கண்ணுக்கு அது வெறும் வெள்ளை.

“மாறா, லிஃப்டை இன்னிக்கு மூடறாங்க” என்றார் அவனுடைய மேலாளர் ரெஜினால்ட். சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த பேனாக்களை உயர வரிசைப்படி அடுக்கினார்.

“மூடறாங்கன்னா?”

“சுவர் எழுப்பறாங்க. மேல வெள்ளை அடிப்பாங்க. ரொம்ப சுத்தமா இருக்கும்.”

“உள்ள ஆளுங்க இருக்காங்களே சார்.”

“இருக்கட்டும். அவங்க ஒண்ணும் சொல்லலையே.”

“எங்க அக்கா இருக்காங்க.”

“தெரியும்பா. நல்ல மனுஷி. போன வாரம் எனக்கு அப்பளம் குடுத்தாங்க.”

“அந்த எழுத்தைக் கறுப்பாக்கிட்டா எல்லாரும் இறங்கிடுவாங்க சார்.”

ரெஜினால்டுக்கு முகம் கோணிக்கொண்டது. “கறுப்பா? தாலுகா ஆபீஸ் மாதிரி ஆயிடுமே.”

“அடர் சாம்பலாவது…”

“காரணம் இல்லாம கலர் மாத்தறதில்ல. உள்ள இருக்கற யாராவது ஒருத்தர் ‘எழுத்து சரியில்ல’ன்னு வாயால சொல்லணும். லிஃப்டு கேட்டுக்கும். அதுவே மாத்திக்கும். இத்தனை மாசத்துல ஒருத்தரும் சொல்லல.”

“பின்ன என்ன சொல்றாங்க?”

“கண்ணு சரியில்லன்னு சொல்றாங்க.”

அது உண்மைதான். கண் சரியில்லை என்று யாராவது முனகினால் போதும், லிஃப்டு உடனே ஒரு மூக்குக்கண்ணாடி வரவழைத்துக் கொடுத்துவிடும். உள்ளே தரை முழுக்க மூக்குக்கண்ணாடிகள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன.

ரெஜினால்ட் கடைசிப் பேனாவை வைத்தார். “டெஸ்ட் பண்ணது நீதானே?”

“நான்தான் சார்.”

“அப்புறம் என்ன.”

டெஸ்ட் பண்ணியது அவன்தான். ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்ட அறை. விலை உயர்ந்த மானிட்டர், வெளிச்சம் முழுவதும் ஏற்றி வைத்தது. உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லாரும் கல்லூரி முடித்த கையோடு வேலைக்கு வந்தவர்கள். எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாரும் ‘க்ளீனா இருக்கு’ என்றார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை அளக்கும் மென்பொருள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நாலரைக்கு ஒன்று இருக்க வேண்டும், ஒன்றரைக்கு ஒன்றுதான் இருக்கிறது என்று சிவப்பில் காட்டியது. திருமாறன் அந்த எச்சரிக்கையைச் சுருக்கி மானிட்டரின் அடியில் தள்ளிவிட்டான்.

அந்தச் சோதனைக்கு முந்தின தீபாவளிக்குத்தான் அக்காவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். தையல் கடை வைத்திருப்பவளுக்கு ஊசிக் காது தெரியவில்லை. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் சுருக்கினான்.

லிஃப்டுக்குப் போகும் நடைபாதை மற்றவர்களுக்குச் சிறியது. அவனுக்கு நீண்டது. நடுவழியில் ஒரு டீக்கடை இருந்தது. டீ குடித்தான். மறுபடி நடந்தான். சுவரில் வரிசையாக அவன் வாங்கிய வடிவமைப்பு விருதுகளை மாட்டியிருந்தார்கள். அவன் நெருங்க நெருங்க ஒவ்வொன்றும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

லிஃப்டு வாசலில் கொத்தனார் சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தார்.

“உள்ள போறீங்களா, வெளிய நிக்கறீங்களா? சொல்லிடுங்க. கல்லு அதுக்குத் தகுந்த மாதிரி எடுக்கணும்.”

“உள்ள போறவங்களுக்கு என்ன?”

“உள்ள போறவங்களுக்கு ஒண்ணுமில்ல. வெளிய இருக்கறவங்களுக்குத்தான் சுவர்.”

திருமாறன் உள்ளே போனான். பின்னால் முதல் வரிசைக் கல் விழும் சத்தம் கேட்டது.

“வாடா” என்றாள் மரகதம். மூக்குக்கண்ணாடிகளை ஒதுக்கி அவனுக்கு இடம் பண்ணினாள். “இளைச்சிட்ட. சாப்பிட்டியா?”

“டீ குடிச்சேன்க்கா.”

“டீ ஒரு சாப்பாடா?” பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பினாள். “இவன்தான். சொன்னேனே. இந்த ஸ்கிரீன் இவன் பண்ணது.”

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் தாமோதரன் எழுந்து கை கொடுத்தார். “பிரமாதம் தம்பி. கண்ணே கூசல. நான் முப்பது வருஷம் செக்குல கையெழுத்துப் பாத்தவன். இன்னிக்கு ஒரு லிஃப்டைப் படிக்க முடியல. எல்லாம் சுகர்.”

“சுகருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் அத்தர் வியாபாரி காதர் பாய். “எனக்கு சுகரே இல்ல. ராத்திரி பூரா செல்போன் பாத்தேன். பொஞ்சாதி அப்பவே சொன்னா. கேட்டனா?”

“உங்களுது வெறும் பழக்கம் பாய். என்னுது வியாதி.”

“வியாதிக்கு மருந்து இருக்கு சார். புத்திக்கு?”

இருவரும் யார் கண் அதிகக் குற்றமுள்ளது என்று வெகுநேரம் வாதாடினார்கள். இரண்டு மூக்குக்கண்ணாடிகள் மேலிருந்து விழுந்தன. இரண்டாவது வரிசைக் கல் ஏறியது. கதவின் கண்ணாடி வழியாகக் கொத்தனாரின் முழங்கால்கள் மறைந்தன.

திருமாறன் அக்காவின் அருகில் குனிந்தான். “அக்கா, ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். ‘எழுத்து சரியில்ல’ன்னு. சத்தமா.”

“யாரு எழுத்து?”

“என்னுதுதான்.”

“போடா.”

“சொன்னா கதவு திறக்கும்க்கா. வெளிய சுவர் எழுப்பறாங்க.”

“உன் வேலையை நானே குறை சொல்லவா? இது போய் உங்க ஆபீஸ்ல வத்தி வெச்சிடும். உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல.”

“கல்யாணத்தை விடுக்கா.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க” என்றாள் மரகதம்.

திருமாறன் நிமிர்ந்து நின்றான். திரையைப் பார்த்து அவனே சொன்னான். “எழுத்து சரியில்ல. படிக்க முடியல.”

திரை அவன் கண்களைச் சோதித்தது. பிறகு மார்கழிப் பனியில் ஒரு வரி வந்தது: ‘உங்களுக்குத் தெரிகிறது. ஏற்க இயலாது.’

உள்ளே இருந்தவர்களில் அவனால் மட்டுமே அதைப் படிக்க முடிந்தது.

“என்னடா போட்டிருக்கு?” என்றாள் மரகதம்.

“ஒண்ணுமில்லக்கா.”

“தம்பி சொன்னா சரிதான்” என்றார் தாமோதரன்.

மூன்றாவது வரிசை. நான்காவது. கொத்தனாரின் இடுப்பு போயிற்று. அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார்.

திருமாறன் திரையின் மூலையைப் பார்த்தான். ‘வெளியேற’ என்ற சொல் அவனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. விரலை வைத்தால் அவன் போய்விடலாம். மாலைக்குள் சுவர் முடிந்துவிடும். நாளைக்கு எட்டாவது மாடியில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவனுடைய விரல், அவனைக் கேட்காமலே கொஞ்ச தூரம் போயிற்று. அவன் அதைப் பிடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

மரகதம் அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் ஓர் அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள்.

“தினம் காலைல மூஞ்சி கழுவிட்டு ஒரு தடவை பாப்பேன்டா” என்றாள். “அந்த மூலைல என்னவோ இருக்குன்னு தெரியுது. லேசா, கோலம் அழிஞ்ச மாதிரி. தம்பி என்ன எழுதியிருப்பான்னு யோசிப்பேன். ‘நல்வரவு’ன்னு எழுதியிருப்பான்னு பாய்கிட்ட சொன்னேன். இல்ல பாய்?”

“சொன்னீங்க” என்றார் காதர் பாய். “நானும் அப்படித்தான் நெனைச்சேன். நல்ல மனசுக்காரங்க வேற என்ன எழுதுவாங்க?”

“அதான்டா எனக்கு இங்க ஒண்ணும் கஷ்டமா தெரியல” என்றாள் மரகதம். “நீ வான்னு எழுதிவெச்ச இடம்தானே?”

திருமாறன் மறுபடி திரையைப் பார்த்தான். மூலையில் இருந்த சொல் கரைந்தது. முதல் எழுத்து போயிற்று. நடு எழுத்துகள் தண்ணீரில் மிதந்தன. கடைசி எழுத்து கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் பார்த்தது. பிறகு எல்லாம் வெள்ளை.

“படிக்க முடியல” என்றான். “எழுத்து சரியில்ல.”

திரை அவன் கண்களைச் சோதித்தது. அவசரப்படவில்லை. கண்ணீரையும் அளந்தது. பிறகு, ‘ஏற்கப்பட்டது’ என்றது.

சாம்பல் அடர்ந்தது. ஈயமாயிற்று. அடுப்புக் கரியாயிற்று. கடைசியில் புதுச் சிலேட்டின் கறுப்பு.

எல்லாரும் அந்த மூலைப்பக்கம் குனிந்தார்கள்.

“வெ” என்றாள் மரகதம். “வெளி. வெளியேற.” இன்னொரு முறை படித்தாள். முகம் ஒரு நொடி வாடியது. “நல்வரவுன்னு போட்டிருக்கலாம்டா.”

பிறகு தன் கண்களைத் தொட்டுப் பார்த்தாள். “பாய். எனக்குத் தெரியுது. கண்ணு வந்துடுச்சு.”

“எனக்கும் தெரியுதும்மா. அல்லா இருக்கான்.”

“சுகர் இறங்கிடுச்சு” என்றார் தாமோதரன். நாற்காலியில்லாத இடத்தில் உட்கார்ந்தார். நாற்காலி வந்து தாங்கிக்கொண்டது.

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள், தொட்டார்கள், இறங்கினார்கள். இடுப்பளவுச் சுவரைத் தாண்டும்போது கொத்தனார் கை கொடுத்தார். “பாத்து. சிமென்ட்டு ஈரம்.”

வெளியே நடைபாதையில், சமயபுரத்துக் கோயில் வாசலில் உட்காருவதுபோல ஒருத்தி தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தாள். தாம்பாளம் நிறைய வெள்ளிக் கண்மலர்கள். கண் குணமானவர்கள் அம்மனுக்குச் சாத்தும் ஜோடிக் கண்கள். கூட்டம் மொய்த்தது. தாமோதரன் பெரிய அளவாகப் பார்த்து எடுத்தார். காதர் பாய் தான் தர்காவில் சொல்லிக்கொள்வதாகச் சொல்லி, மற்றவர்களுக்குத் தேர்ந்தெடுக்க உதவினார்.

திருமாறன் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். “அக்கா. கேளு. உன் கண்ணுக்கு ஒண்ணுமே இல்ல. வயசுக்குத் தகுந்த கண்ணுதான். நான் போட்ட கலர்தான் தப்பு. தப்புன்னு தெரிஞ்சேதான் போட்டேன்.”

மரகதம் கண்மலர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கலரா?”

“கலர்தான்க்கா.”

“கலருக்கெல்லாம் வேண்டுதல் கிடையாதுடா” என்றாள் கனிவாக. “கண்ணுக்குத்தான் உண்டு. இங்க பாரு, உன் கண்ணு எப்படிக் கலங்கியிருக்கு.”

தாம்பாளத்தில் இன்னொரு ஜோடி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். “உனக்கும் சேத்துச் சாத்திடலாம். பிடி. கீழ போடாத.”

கூட்டம் கோயிலுக்குக் கிளம்பியது. நடைபாதை இப்போது எல்லாருக்கும் ஒரே நீளமாக இருந்தது. மரகதம் முன்னால் நடந்தாள். போகிற வழியில் கண்ணில் பட்ட பெயர்ப்பலகைகளையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள்.

திருமாறன் கடைசியில் நடந்தான். கையிலிருந்த வெள்ளிக் கண்கள் அவனையே பார்த்தன. விரல்களை மடக்கி இறுக மூடிக்கொண்டான். உள்ளே இரண்டும் இமைத்தன.