செஃபஸ் வோல்டாவின் குளிர்

அடித்துக் கொல்லப்பட்டதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, செஃபஸ் வோல்டா வழக்கமான நேரத்தில் 'முதல் மண்' ஆலயத்துக்கு வந்து, போதகரின் மேடைக்கு நேர் எதிரே இருந்த தன் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தார். சாம்பல் நிறச் சூட்டு, கறுப்பு டை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். அன்று டெட்ராய்ட்டில் கடும் பனி. ஹேஸ்டிங்ஸ் தெருவில் கார்கள் நகரவில்லை, அதனால் கூட்டம் குறைவு. வந்திருந்தவர்கள் அவருக்குத் தலையசைத்து வணக்கம் சொன்னார்கள், அவரும் பதிலுக்குச் சொன்னார். அவர் கொல்லப்பட்ட செய்தி அப்போது மூன்று பேருக்குத்தான் தெரியும். மூவருமே அந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள்.

முதல் மண் ஆலயத்தைக் கட்டியவரை நாங்கள் ஆசான் என்று மட்டும் அழைத்தோம். உலகத்தில் முதலில் பிசையப்பட்ட மண் கறுப்பு மண், அதிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று அவர் போதித்தார். அலபாமாவிலும் ஜார்ஜியாவிலும் எஜமானர்கள் ஒட்டிவிட்ட குடும்பப் பெயர்களைக் கழற்றிப் போடச் சொல்லி, ஆளுக்கொரு ஆப்பிரிக்க நதியின் பெயரைக் கொடுத்தார். கடவுளுக்குத் தோலும் கையும் உண்டு என்றார். வானத்தில் சொர்க்கம் என்று எதுவும் கிடையாது, பருத்திக் காட்டில் கூலி கேட்காமலிருக்க எஜமானன் சொல்லிவைத்த கதை அது என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, செத்தவர்கள் எழமாட்டார்கள், எனவே வேண்டியதைச் சாவதற்கு முன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். இந்தக் கடைசிப் போதனைக்காகத்தான் அக்கம்பக்கத்து பாப்டிஸ்ட் சர்ச்சுக்காரர்கள் எங்களை நாத்திகர்கள் என்றார்கள். வெள்ளைக்காரப் பத்திரிகைகளோ, வெறுப்பைப் பரப்பும் கூட்டம் என்று எழுதின. நாங்கள் இரண்டையும் மடித்து அடுப்புக்குப் போட்டோம்.

அந்த ஆசான் இலையுதிர் காலத்தில் நுரையீரல் கெட்டு இறந்துபோனார். உடலைக் கழுவியவர் செஃபஸ். கார் தொழிற்சாலையின் வார்ப்படப் பிரிவில் உருக்கிய இரும்போடு வேலை பார்த்த மனிதர். அதிகம் பேசமாட்டார், பேசினால் கூடம் அமைதியாகிவிடும். அடுத்த வாரமே, ஆசானுக்கு உதவியாளராக இருந்த லெமுவல் சாம்பெசி மேடையேறி, ஆசான் சாகவில்லை, கிழக்கே போயிருக்கிறார், இனி தன் வாய் வழியாக மட்டுமே பேசுவார் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். செஃபஸ் எழுந்து நின்றார்.

"போதகரே, அவர் உடம்பைக் கழுவினது நான். செத்தவன் எழமாட்டான்னு காலம் பூரா சொன்ன வாயைத் துணியால கட்டினதும் நான்தான். இப்ப அவரையே எழுப்பி நிறுத்தினா, நாம வேண்டாம்னு விட்டுட்டு வந்த சர்ச்சுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

பாதிக் கூடம் அவர் பக்கம் திரும்பிவிட்டது. குளிர்காலம் முழுக்க அவர் இதையே திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு சாயங்காலம் ஆலயத்தின் பின்னால் இருந்த நிலக்கரிக் கொட்டகையில் வைத்து, ஆலயக் காவலர்கள் இரண்டு பேர் அவர் பின்மண்டையில் கரி அள்ளும் மண்வெட்டியால் அடித்தார்கள். உடலை ரயில் யார்டில் பனிக்கு அடியில் போட்டுவிட்டு வந்தார்கள். காவலர்கள் எப்போதும் வெள்ளைக் கையுறை அணிந்திருப்பார்கள். லெமுவல் சொல்லாமல் விரலைக்கூட அசைக்கமாட்டார்கள்.

செஃபஸின் மனைவி ஓஸெல்லா ஆலயத்தின் ரொட்டிக் கடையை நடத்தினாள். கணவர் வீட்டுக்கு வராததால் அவள் ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அலபாமாவின் மொபீல் ஊரில் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று அவர் கிளம்பிப் போனதாக லெமுவல் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். செஃபஸுக்குத் தம்பியே கிடையாது. பொய் சொல்லும்போதுகூட விசாரித்துச் சொல்லவில்லையே என்பதுதான் அவளை முதலில் சுட்டது. அதைக் கேட்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பனியில் நடந்து வந்தாள். வந்தால், கணவர் தன் இருக்கையில் இருந்தார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தடவினாள். பின்மண்டையில் அவள் விரல் உள்ளே போனது. முதல் கணு வரை போனது. அவர் வலது கை மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே ஒரு வெள்ளைக் கையுறை கசங்கிக் கிடந்தது. அவள் அழவில்லை. அடித்தார்களா என்று காதருகே கேட்டாள்.

"அடிச்சாங்க."

"அப்ப நீ செத்துட்டியா, செஃபஸ்?"

"அது எப்படி? செத்தவன் எழமாட்டான்னு ஆசான் சொல்லியிருக்காரே. நான் எழுந்து வந்திருக்கேன்ல."

அவர் கடைசிவரை போதனையை எழுத்துக்கு எழுத்து நம்பியவர்.

மேடையிலிருந்த லெமுவல் முதலில் காவலர்கள் பக்கம் முறைத்தார். காவலர்கள் வேலையை ஒழுங்காக முடிக்கவில்லை என்று நினைத்தார். பிறகு நிம்மதி வந்தது. ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்றால் கொலை இல்லை. நம் சகோதரர் மொபீலிலிருந்து திரும்பி வந்துவிட்டார் என்று அறிவித்து, கீழே இறங்கி வந்து கைகொடுத்தார். உறைந்த இரும்பில் ஒட்டுவதுபோல அவர் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. இழுத்ததில் தோல் செஃபஸின் கையோடு போய்விட்டது. ஆராதனை முடியும்வரை அவர் அந்தக் கையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டே பேசினார்.

ஓஸெல்லா அன்றே அவர் அறைக்குப் போனாள். தன் கணவருக்கு முறைப்படி அடக்கம் வேண்டும், அதற்கு மேடையிலிருந்து அவர் இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும், எப்படி இறந்தார் என்றும் சொல்ல வேண்டும் என்றாள். உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிற மனிதனை எப்படிப் புதைப்பது என்று லெமுவல் கேட்டார். கேட்கும்போது லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் சாகும்வரை மறக்கவில்லை.

"சரி போதகரே. அப்ப உட்காரட்டும். நீங்க சொல்ற வரைக்கும் வாரா வாரம் கூட்டிட்டு வந்து உங்க எதிர்ல உட்கார வைக்கிறேன்."

அப்படியே செய்தாள். சனிக்கிழமைதோறும் அவர் சூட்டைத் தேய்த்தாள், ஷூவுக்குப் பாலிஷ் போட்டாள். தலை வாரும்போது காயம் மறையாதபடி, நன்றாகத் தெரியும்படி வகிடு எடுத்தாள். தொப்பியை எடுத்து ஒளித்துவிட்டாள். காயத்தில் ரத்தம் எப்போதும் அன்று விழுந்ததுபோலவே ஈரமாக இருந்தது. யார் மேலும் சொட்டவில்லை.

பனிக்காலம் போனது, செஃபஸின் குளிர் போகவில்லை. முதலில் அவருக்கு இருபுறமிருந்த இருக்கைகள், பிறகு முன்வரிசை, மே மாதத்துக்குள் கூடம் முழுவதும் அது பரவியது. கூடத்தைச் சூடாக்கும் கொதிகலனை மாற்றினார்கள், புதிய கொதிகலன் வெடித்தது. ஜூலையில் வெளியே தார் உருகிக்கொண்டிருந்தபோது உள்ளே பேசுகிறவர்களின் மூச்சு வெண்மையாகத் தெரிந்தது. லெமுவல் ஆசானின் பெயரில் ஏதாவது சொல்ல வாயைத் திறக்கும்போது மட்டும் மேடையில் மேலும் குளிர்ந்தது. கிழக்கிலிருந்து ஆசான் சொல்லியனுப்பினார் என்று அவர் தொடங்குவார். உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காவலர்கள் வெந்நீர்த் துணியோடு ஓடிவருவார்கள். ஓஸெல்லா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, நாடகம் பார்ப்பவள்போல நிதானமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்களுக்குள் மூன்று கட்சிகள் உண்டாயின. செஃபஸ் செத்து எழுந்துவிட்டார், ஆகவே ஆசானின் போதனை தவறு என்றது ஒரு கட்சி. அவர் சாகவே இல்லை, மண்டையில் பள்ளத்தோடு பிறந்தவர்கள் ஊரில் இல்லையா என்றது இரண்டாவது கட்சி. அவர் செத்துவிட்டார், எழவில்லை, யாரும் இன்னும் முறையாகத் தகவல் சொல்லாததால் உட்கார்ந்திருக்கிறார் என்றது மூன்றாவது. இந்தக் கட்சியில் பெரும்பாலும் பெண்கள். முடிதிருத்தும் கடையில் இதற்காக நாற்காலிகள் உடைந்தன, இரண்டு திருமணங்கள் நின்றன. பாப்டிஸ்ட் பாஸ்டர் ஒருவர் வேதப் புத்தகத்தோடு வந்து, கர்த்தரின் உயிர்த்தெழுதலுக்கு நீரே சாட்சி, என் சபைக்கு வாரும் என்று செஃபஸைக் கேட்டார். "நான் எழல பாஸ்டர், உட்கார்ந்துதான் இருக்கேன்" என்றார் செஃபஸ். பாஸ்டர் மூக்கு நுனி கறுத்துத் திரும்பிப் போனார்.

பிறகு போலீஸ் வந்தது. பெரிய பத்திரிகை ஒன்றில், இந்தக் கூட்டம் தன் ஆளையே கொன்றுவிட்டு மறைக்கிறது என்று கட்டுரை வந்திருந்தது. ஆலயத்துக்குப் பூட்டுப் போட நகர மண்டபத்தில் பலர் காத்திருந்தார்கள். வெள்ளைக்கார டிடெக்டிவ் ஒருவர் ரொட்டிக் கடைக்கு வந்து, கொன்றவன் பெயரை மட்டும் சொல், மின்சார நாற்காலி இல்லாத மாநிலம் என்றாலும் ஆயுள் முழுக்க உள்ளே தள்ளுகிறோம் என்று ஓஸெல்லாவிடம் சொன்னார். கையுறை அப்போது அவள் ஏப்ரன் பையில்தான் இருந்தது. மாவைப் பிசைந்துகொண்டே, தன் கணவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், வேண்டுமானால் போய்ப் பாருங்கள் என்றாள். டிடெக்டிவ் போய்ப் பார்த்தார், செஃபஸ் அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார், வழக்கு முடிந்தது.

அன்று மாலை லெமுவல் தானே கடைக்கு வந்தார். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்கும்போது அவர் குரலில் நன்றி இருந்தது.

"மன்னிச்சிட்டேன்னு நினைக்காதீங்க" என்றாள் ஓஸெல்லா. "உங்களை அவங்ககிட்ட குடுத்தா, அவங்க நம்ம வாசலையும் சேர்த்து இழுத்து மூடுவாங்க. அதோட, அவங்களுக்குக் குடுத்துட்டா எனக்கு என்ன மிஞ்சும்? நீங்க எனக்கு வேணும்."

லெமுவல் ரொட்டி வாங்காமல் திரும்பினார். அன்று முதல்தான் அவர் மெலியத் தொடங்கினார் என்பார்கள். அவர் மனைவி வீட்டுக்குள்ளும் குளிர்கிறது என்று பிள்ளைகளோடு சிகாகோ போய்விட்டாள். மண்வெட்டியைப் பிடித்த காவலருக்குக் கையுறைக்குள் விரல்கள் குளிரில் உறைந்து கருகின, மருத்துவமனையில் வெட்டி எடுத்துவிட்டார்கள். அவருக்கு ஓஸெல்லா சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்று அனுப்பினாள், முள்கரண்டியோடு. இன்னொருவர் டெக்சாஸ் பாலைவனத்துக்கு ஓடினார். அங்கே கம்பளி போர்த்திக்கொண்டு நடமாடுவதாகக் கேள்விப்பட்டோம். நெடுஞ்சாலை போட ஹேஸ்டிங்ஸ் தெருவை இடித்தபோது ஆலயம் மேற்கே ஒரு பழைய மேசை நாற்காலிக் கடைக்கு மாறியது. சாமான் வண்டிக்குப் பின்னால் செஃபஸ் தன் இருக்கையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஆசான் பிறந்தநாள் ஆராதனை ஒன்றில் லெமுவலின் பிடிவாதம் முடிந்தது. லெமுவல் மேடையில் நின்று, ஆசானின் பெயரைச் சொல்லப் பார்த்தார். இந்த முறை உதடு மட்டுமல்ல, நாக்கும் இறுகியது. அவர் மெதுவாக முழங்காலில் விழுந்தார். யாரும் துணி கொண்டுவரவில்லை. அவர் வேறு வாக்கியத்துக்கு மாறியதும் நாக்கு தானாக இளகியது.

"ஆசான் செத்துட்டார்" என்றார். "பிரதர் செஃபஸ் செத்துட்டார். கொல்லச் சொன்னது நான்."

கூடத்தில் மூச்சுப் புகை மட்டும் தெரிந்தது. செஃபஸ் தன் இருக்கையிலிருந்து எழுந்தார். ஆசானின் போதனைக்கு முரணில்லாமல் மேடையிலிருந்து சொன்னால் அது அவருக்குச் சட்டம்.

"அப்ப நான் செத்துட்டேன்" என்று மனைவியிடம் சொன்னார். "நல்லதாப் போச்சு. அசதியா இருந்துச்சு. போய்ப் படுக்கட்டுமா ஓஸெல்லா?"

லெமுவலும் நாங்களும் அவளைப் பார்த்தோம். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, சவக்குழி தோண்டவும் ஆட்கள் தயார். ஓஸெல்லா கணவரின் டையைச் சரிசெய்தாள். அவள் கண்கள் லெமுவலின் முகத்தைவிட்டு நகரவில்லை.

"இன்னும் இல்ல" என்றாள். "அடுத்த வாரமும் சொல்லட்டும். அப்புறம் பார்ப்போம்."

செஃபஸ் பெருமூச்சு விட்டார்; அதில் ஜன்னல் கண்ணாடிகள் வெளுத்தன. உட்கார்ந்துகொண்டார். அடுத்த வாரம் லெமுவல் சொன்னார். அதற்கடுத்த வாரமும் சொன்னார். சில நாள் மாலைகளில் செஃபஸ் சமையலறை வாசலில் நின்று படுக்கட்டுமா என்று மறுபடி கேட்பார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மாவு பிசைவாள். அது மட்டும் அவளுக்கு எளிதாக இருக்கவில்லை, தோள்கள் குலுங்குவதைப் பக்கத்து வீட்டார் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் சரி என்று சொல்லவில்லை.

கலவரத்தில் நகரம் பற்றியெரிந்த கோடையில் அந்த வரிசையில் எல்லாக் கடைகளும் சாம்பலாயின. ஆலயத்தின் சுவரில் உறைபனி படிந்திருந்ததால் நெருப்பு அதைச் சுற்றிப் போயிற்று. அதன் பின் புதிதாகப் பலர் சேர்ந்தார்கள். ஒவ்வொரு ஆராதனையின் தொடக்கத்திலும் லெமுவல் அந்த வாக்கியங்களைச் சொன்னார். குழந்தைகளுக்கு அது மனப்பாடம் ஆயிற்று.

லெமுவல் ஒரு மார்ச் மாதம் இறந்தார். ஓஸெல்லா கல்லறைக்கு மடக்கு நாற்காலி கொண்டுபோய், அவர் எழுந்து வருவார், வந்து சொல்வார் என்று ஏப்ரல் முடியும்வரை காத்திருந்தாள். அவர் எழவில்லை. ஆசானின் போதனை அவர் விஷயத்தில் சரியாக இருந்தது. அடுத்து வந்த போதகர் கொலை நடந்தபோது பிறந்திருக்கவே இல்லை. மேடையேறிய முதல் நாள் அவர் தயங்கி நின்றார். ஓஸெல்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கொல்லச் சொன்னது நான் என்று சொன்னார். அதன் பின் வந்த போதகர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஓஸெல்லா தூக்கத்தில் இறந்தாள். செஃபஸ்தான் அவள் உடலைக் கழுவினார். போகலாம் என்று சொல்ல வேண்டியவள் சொல்லாமலே போய்விட்டாள்; மற்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், எழுந்திருக்கவில்லை. சூட்டை இப்போது பெண்கள் முறைவைத்துத் தேய்க்கிறார்கள். ஆராதனை காலையில் தொடங்கும். யார் வேண்டுமானாலும் வரலாம். எந்த மாதமானாலும் கனமான கோட்டு எடுத்துவர வேண்டும், முன்வரிசையில் மேடைக்கு நேர் எதிரே உட்காரக் கூடாது.