காலி வண்டியை மெதுவாக ஓட்டக் கூடாது

சவ வண்டி ஓட்டுபவருக்கு ஊரார் வைத்த பெயர் சவாரி. அவருடைய வண்டிக்கு வயதாகிவிட்டதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. என்றைக்கிருந்தாலும் அதில்தானே ஏறியாக வேண்டும் என்ற மரியாதை. இப்போது அந்த மரியாதைக்கும் போட்டி வந்துவிட்டது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் ஏசி வைத்த புது வண்டியை இறக்கியிருந்தார். இவருடையதோ ஊர்வலம் கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே கொதித்தது. இன்னொரு முறை நடுத்தெருவில் ஆவி விட்டு நின்றால் பிழைப்பு போனது போனதுதான்.

மறுபடியும் சர்ஜனிடம் போனார். பட்டறைக்காரர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம் அது. ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடுவார். சுற்றியிருப்பவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்கள். ரேடியேட்டரைக் கழுவியாயிற்று, தண்ணீர்ப் பம்பை மாற்றியாயிற்று. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அறுத்தெடுத்த குடல்வாலைப் போல உயர்த்திக் காட்டியும் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் வண்டியைப் புறவழிச்சாலையில் விரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை.

"பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. உன் மனசுதான்யா கொதிக்குது."

"வேகமாப் போனா ஒண்ணும் ஆகறதில்லண்ணே. ஊர்வலத்துல நடக்கற வேகத்துக்குப் போறப்பதான் ஏறுது. ஒரு தடவ மெதுவா ஓட்டிப் பாருங்களேன்."

"மெதுவாப் போனா எஞ்சினுக்கு வேலை கம்மி. வேலை கம்மின்னா சூடு எங்கேருந்து வரும்? என்னையே பாரு, காலையிலேருந்து வேர்க்கவே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதோட, இந்த வண்டிய காலியா மெதுவா ஓட்டினா, ஓட்டினவன் வீட்டுல ஒரு ஆள் கொறையுமாமே. நான் பிள்ளகுட்டிக்காரன். வேணும்னா நீ ஓட்டு."

அந்தக் கதையைக் கட்டிவிட்டவரே சவாரிதான். தொழிலுக்கு ஒரு கெத்து இருக்கட்டும் என்று எப்போதோ டீக்கடையில் அளந்தது. ஊர் உடனே நம்பிவிட்டது. அளந்தவர் நம்ப ஆரம்பித்தது, மனைவிக்கு மூச்சிரைப்பு வந்த பிறகு.

அந்த வாரமே வியாபாரிகள் சங்கத் தலைவர் போய்ச் சேர்ந்தார். சவாரிக்கு வழக்கமாக வேலை கொடுப்பது அந்தச் சங்கம்தான். தலைவரின் மைத்துனர் வண்டிக்கு முன்னால் மைக்கோடு நடந்தார். ஒவ்வொரு தெருமுனையிலும் ஓர் உரை. "இன்னும் மெதுவாப்பா, போட்டோ எடுக்கறாங்க" என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார். மலை சாய்ந்தது, இமயம் சரிந்தது என்று அவர் அடுக்கிக்கொண்டிருந்தபோது வண்டி 'புஸ்ஸ்' என்றது. வெள்ளை ஆவியில் மைத்துனர் மறைந்து போனார். உரை மட்டும் உள்ளேயிருந்து கேட்டது.

சங்கத்தார் வண்டியைத் தள்ளினார்கள். தலைவர் ஆயுள் முழுக்கப் பிறரைத் தள்ளிவிட்டே பழகியவர்; தள்ளப்பட்டது அன்றுதான். அடுத்த முனையில் புது வண்டி தயாராக நின்றது. தலைவர் வண்டி மாறினார். "இனிமே உங்களக் கூப்பிடறதா இல்லங்க" என்று மைத்துனர் மைக்கை அணைக்காமலே சொன்னார்.

சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்த கணவரிடம் மனைவி வந்தாள். படி இறங்கியதற்கே இரைத்தது.

"மெதுவா ஓட்டிப் பாத்தா என்ன கோளாறுன்னு தெரிஞ்சிடும். அவ்வளவுதான?"

"காலியா ஓட்டக் கூடாதுடி."

"காலியா எதுக்கு ஓட்டணும்? நான் ஏறிக்கறேன்." பின்கதவைத் திறந்து, பிணம் கிடத்தும் பலகையில் தலையணையைப் போட்டுப் படுத்தாள். "கெளப்புங்க. செத்தவங்களுக்கு மட்டும்தான் இந்த ஊர்கோலமா?"

அவர் வண்டியைக் கிளப்பினார். ஆள் நடக்கும் வேகத்தில் தெருத் தெருவாக ஓட்டினார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று தலை குனிந்தார்கள். ஒருவர் சைக்கிளிலிருந்தே இறங்கிவிட்டார். முள் ஏறியது. சிவப்புக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பானட்டைத் தூக்கினார்.

சூடு ஏற ஏற இறுகிக்கொண்டு வேகமாகச் சுற்ற வேண்டிய விசிறி, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கோப்பு புரட்டும் அதிகாரியைப் போலச் சோம்பிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கிளட்ச் பிடிப்பு விட்டிருந்தது. சாலையில் விரட்டும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிட்டது. ஊர்வலத்தில் ஏது காற்று? பழைய சாமான் கடையில் கிடைக்கும் உருப்படி. நாளைக்கே மாற்றிவிடலாம்.

பின்கதவைத் திறந்தார். "தெரிஞ்சிடுச்சு. விசிறிதான்."

"நல்லதாப் போச்சு." அவள் எழுந்திருக்கவில்லை. பலகையின் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். "படுத்தா மூச்சு கொஞ்சம் லேசா இருக்கு இங்க. அகலமும் போதும். சீக்கிரம் சரி பண்ணிடுங்க. என்னை அந்த ஏசி வண்டிக்காரன்கிட்ட குடுத்துடாதீங்க."

அவர் பின்கதவைச் சாத்தினார். முன்னால் வந்து ஏறிக் கியரைப் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். தலை குனிந்து நின்றவர்கள் திகைத்து நிமிர்ந்தார்கள். முள் மெல்ல இறங்கியது.

"மெதுவாப் போங்க, முதுகு வலிக்குது" என்றாள் பின்னாலிருந்து.

அவர் மெதுவாகப் போகவில்லை.