கயத்தான் என்று ஒரு பெயர்

மழை விட்ட வெளிச்சம். கோயில் சன்னல் வழியே வந்து ஞானஸ்நானத் தொட்டியில் விழுகிறது. தண்ணீர் அசையவில்லை. நானும் அசையவில்லை.

கையில் பிள்ளை. இன்னும் பெயரில்லாத பிள்ளை. பக்கத்தில் மாமியார்.

என் வீட்டுக்காரர் ஐப்பசியில் கடலுக்குப் போனார். கொண்டல் காற்று அடித்தது. மற்ற வள்ளங்கள் கரைக்குத் திரும்பின. அவருடையது வரவில்லை. ஒரு பலகைகூட வரவில்லை.

அவர் பெயர் போர்த்துகீசியரோடு கப்பலில் வந்த பெயர். அவர்கள் வாயில் கயெத்தானோ. எங்கள் கடற்கரையில் கயத்தான். இத்தாலியில் கயேத்தா என்று ஒரு கடலோர ஊராம். அந்த ஊர்க்காரன் என்று பொருளாம். கல்யாணமான புதிதில் அவரே சொன்னார். பார்க்காத ஊருக்குச் சொந்தக்காரர்! அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது எதுவும் வருவதில்லை.

அந்தப் பெயருள்ள புனிதரிடம் வேலை இல்லாதவர்கள் வேண்டிக்கொள்வார்கள். வேலைக்குப் போய்த் திரும்பாதவருக்காக யாரிடம் வேண்டுவது? தெரியவில்லை.

இவர்கள் குடும்பத்தில் அந்தப் பெயர் விட்டுப்போனதே இல்லை. ஒருவர் கண்மூடிய பிறகு அடுத்த பிள்ளைக்கு. உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கமாட்டார்கள். வைத்துவிட்டால் அவர் இல்லை என்று அர்த்தம்.

கார்த்திகை முழுதும் மாமியார் ஒன்றையே சொன்னார்.

"எம் மவன் பேரையே வச்சிரு புள்ள. அந்தப் பேரு நம்ம வீட்டுல கேக்கணும்."

நான் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

வேறொரு பெயர் யோசித்து வைத்திருந்தேன். சூசை. சூசை என்றால் அவர் இன்னும் ஏதோ ஒரு கரையில் இருக்கலாம். சூசை என்றால் நான் இன்னும் வாசலைப் பார்க்கலாம்.

"பிள்ளைக்கு என்ன பேரும்மா?" பாதிரியார் கேட்கிறார்.

களைப்பாக இருக்கிறது. காத்திருந்து காத்திருந்து வந்த களைப்பு. கட்டிய நாள் முதல் நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. எங்களில் மனைவி சொல்வதில்லை.

"கயத்தான்" என்கிறேன்.

மாமியார் பாய்ந்து என் கையைப் பிடிக்கிறார்.

"வேண்டாம் சாமி! வேற பேரு வைங்க. எம் மவன் வந்துருவான், சாமி."

பாதிரியாரின் கை அப்படியே நிற்கிறது. அவர் என்னைப் பார்க்கிறார். மாமியாரின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்குகின்றன. நான் அவற்றை விலக்கவில்லை.

"ஊத்துங்க, சாமி."

தண்ணீர் விழுகிறது.

கயத்தான் அழுகிறான்.