ஏழு மணிக்கு வெளியே தள்ளியவள்

கேபிள் கம்பெனிக்கு இனி காசு அழுவதில்லை என்று அமெரிக்காவின் டொலிடோ நகரில் பாதித் தெரு முடிவெடுத்த வருடம் அது. லொரைன் டுபிட்ஸ்கியும் கேபிள் இணைப்பைத் துண்டித்தாள். மகன் வெஸ்லி விட்டுவிட்டுப் போயிருந்த வீடியோ கேம் பெட்டியை டிவியில் மாட்டி, தினமும் மாலை ஏழு மணிக்கு இணையத்தில் துப்பறியும் தொடர் பார்த்தாள். பொத்தானை அமுக்கினால் பெட்டி தானாகவே வெஸ்லியின் பெயரிலுள்ள கணக்கில் உள்ளே போகும். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

வெஸ்லியோடு பேச்சு நின்று எட்டு மாதம். செத்துப்போன அப்பா சொல்லி வாங்கிக்கொடுத்த கண்ணாடி ஆலை வேலையை உதறிவிட்டு, வடக்கு டகோட்டா எண்ணெய் வயலுக்குக் கிளம்பினான். "போனா அப்படியே போயிடு, இந்த வாசப்படி மிதிக்காதே" என்று லொரைன் கத்தினாள். அவனும் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். வீம்பில் தாய்க்கு மகன் இளைத்தவனில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை மகள் ரோண்டா, லொரைன் செய்யும் பியரோகி கொழுக்கட்டை தின்ன வந்தாள். டிவியில் வெஸ்லியின் பெயரைப் பார்த்தவள் வாயில் வைத்ததை விழுங்காமலே கேட்டாள்.

"பெரியம்மா, நீங்க வெஸ்லி பேர்லயா பாக்குறீங்க?"

"ஆமா, அதுக்கென்ன?"

"ஒரே பேர்ல ஒரே நேரத்துல ரெண்டு பெட்டி ஓடாது. அவன் அங்க புதுசு வாங்கியிருக்கான், நானும் அவனும் இணையத்துல சேர்ந்துதான் கேம் ஆடுவோம். நீங்க இங்க போட்டதும் அங்க அவனை வெளிய தள்ளிடுது. தினம் ஏழு மணிக்கு! பாதி சண்டையில துப்பாக்கியோட மறைஞ்சுடுவான்."

"திட்டுவானா?"

"ம்ஹூம். அவன் திரும்ப உள்ள வந்தா நீங்க வெளிய போயிடுவீங்க. அதையும் செய்யமாட்டான். துணி துவைக்கப் போயிடுவான்னு நினைக்கிறேன்."

லொரைனுக்கு முகம் சுருங்கிப் போனது. தன்னோடு சண்டை போடக்கூட அவனுக்கு மனமில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. அது வலித்தது.

"எனக்குன்னு ஒரு பேர் போட்டுக் குடு. அவன் தயவு ஒண்ணும் வேணாம். அவன்கிட்ட இதைச் சொல்லவும் கூடாது."

ரோண்டா அப்படியே செய்துகொடுத்துவிட்டு மறுநாள் விடுமுறைக்கு ஃபுளோரிடா போனாள். லொரைன் சொந்தப் பெயரில் மூன்று நாள் தொடர் பார்த்தாள். கொலைகாரன் யாரென்று ஒரு நாளும் மனதில் தங்கவில்லை.

நான்காம் நாள், வியாழக்கிழமை, ஏழரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தொப்பியில் பனியோடு ஒரு போலீஸ்காரர் நின்றார்.

"லொரைன் டுபிட்ஸ்கி நீங்கதானே? உடம்பு நல்லாயிருக்கா?"

"நல்லாத்தான் இருக்கேன். எந்தப் புண்ணியவான் உங்களை அனுப்பினது?"

"உங்க மகன். டகோட்டாவுல இருந்து போன் பண்ணினார்." அவர் கையிலிருந்த தாளைச் சந்தேகத்தோடு பார்த்தார். "நீங்க தினம் ஏழு மணிக்கு அவரை வெளிய தள்ளுவீங்களாம். மூணு நாளா தள்ளலையாம். எனக்குப் புரியலம்மா, உங்களுக்குப் புரியுதா?"

எட்டு மாதமாக அவன் அம்மாவின் நலத்தை எப்படி விசாரித்து வந்திருக்கிறான் என்பது லொரைனுக்கு அப்போதுதான் விளங்கியது. அழுகை வந்தது. போலீஸ்காரர் தர்மசங்கடத்தோடு பூட்ஸைப் பார்த்தார்.

"நல்லாயிருக்காங்கன்னு நான் சொல்லிடட்டுமா?"

"வேணாம். நானே சொல்றேன்."

அவர் படியிறங்குவதற்குள் லொரைன் போனில் எண்களை அமுக்கிவிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"போலீஸை அனுப்புறதுக்குப் பதிலா நீயே கூப்பிடக்கூடாதாடா, கழுதை?"



"கூப்பிட்டு, நீ எடுக்கலைன்னா?" என்றான் வெஸ்லி.