மினுக்காத கற்கள்

தூசியில் புரளும் வேலைக்குக்கூட இஸ்திரி போட்ட சட்டையோடுதான் வருவான் என்பதால், ஆலையில் அவனுக்கு மைனர் என்று பெயர். பழைய கசட்டுக் குவியலில் சாம்பிள் எடுப்பது அவன் வேலை. எந்தக் காலத்திலோ வெள்ளீயம் உருக்கிய உலை கொட்டிவிட்டுப் போன கழிவு அது. அதற்குள் டாண்டலம் என்ற அபூர்வ உலோகம் கொஞ்சம் தங்கியிருந்தது; அதைப் பிரித்தெடுப்பதுதான் ஆலையின் தொழில். அது போதிய அளவு இல்லை என்று இந்த சாம்பிளின் சோதனை சொல்லிவிட்டால் ஆலையை மூடிவிடுவார்கள். கல் உடைக்கும் இயந்திரத்தில் நிற்கும் அவன் அண்ணனுக்கும் வேலை போய்விடும்.

சோதனை அறையில் இருந்தது அண்ணி. முடிவைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. டாண்டலம் வேண்டியதில் பாதிகூட இல்லை. வெள்ளீயமோ அளவுக்கு மீறி இருந்தது. கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. கல்லைப் பொறுக்கினியா?"

"கொஞ்சம், அண்ணி."

"கொஞ்சம்னா?"

"நல்லா பளபளன்னு இருந்ததா பாத்து எடுத்தேன். அண்ணன் வேலை போயிடக் கூடாதேன்னு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பளபளக்கிறது மிச்சம் மீதி வெள்ளீயம்டா. நமக்கு வேணுங்கிறது அந்த அழுதுவடியிற கறுப்புக் கல்லுலதான் இருக்கு. சட்டை எடுக்கிற மாதிரி கல்லையும் எடுத்திருக்கே."

"அண்ணன் சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

"இன்னும் போடல. ரிப்போர்ட்ல மேனேஜர் சாயங்காலம்தான் கையெழுத்துப் போடுவாரு. வா."

மேனேஜரிடம் அவனே எல்லாவற்றையும் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உன்னை நம்பித்தானே அனுப்பினேன்?"

அவன் தலை கவிழ்ந்தான். அண்ணி முன்னால் வந்தாள். "பையைப் பிரிச்சதும் நான் பாத்திருக்கணும் சார். பாக்காம அரைச்சுட்டேன். தப்புல பாதி என்னோடது."

அவளிடம் யாரும் கேட்காத பாதி அது. மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கையெழுத்துப் போடாம வெச்சிருக்கேன். வேற சாம்பிள் கொண்டு வாங்க. அதுக்கு மேல என் கையில இல்ல."

விடிந்ததும் குவியலில் பத்து இடங்களில் ஆழமாகத் தோண்டினார்கள். எடுத்ததை உடைத்துக் கலந்து, கூம்பாகக் கொட்டி, தட்டையாக்கி, நாலாகப் பிரித்தார்கள். எதிரெதிரான இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிட வேண்டும். தள்ள வேண்டிய பங்கில் நல்ல கறுப்புக் கல் ஒன்று கிடந்தது. மைனரின் கை தானாக நீண்டது. அண்ணி தொண்டையைச் செருமினாள். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கடவுள் எந்தப் பங்குல வெச்சிருக்காரோ அண்ணி."

"எல்லாத்துலயும்தான் கலந்து வெச்சிருக்காரு. நீ பொறுக்காம இருந்தா போதும்."

மத்தியானம் அவள் தாளோடு முற்றத்துக்கு ஓடிவந்தாள். "தேறிடுச்சு. மயிரிழைதான். ஆனா தேறிடுச்சு."

தூரத்தில் எதுவும் தெரியாத அண்ணன் கல் உடைத்துக்கொண்டிருந்தான். தள்ளிவிட்ட அந்தக் கறுப்புக் கல்லை மைனர் தேடி எடுத்து, சட்டையிலேயே துடைத்தான்.

"டேய், கறை போகாதுடா."

"இருக்கட்டும் அண்ணி."