ரயில் இல்லாமல் அடித்த மணி

அந்த ரயில்வே கேட்டுக்குக் காவல்காரர் கிடையாது. ரயில் நெருங்கினால் சிவப்பு விளக்கு மினுங்கும், தடுப்புக் கட்டை தானாக இறங்கும், மணி அடிக்கும். இரண்டு நாளாக மணி மட்டும் அடிக்கவில்லை என்று புகார் வந்திருந்தது.

பழுது பார்க்க வந்த சிக்னல் மெக்கானிக்கை ஆபீசில் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அவர் சட்டைப்பையில் மின்சார மீட்டர் இருக்கும் என்று கிண்டல். கேட்டுப் பெட்டியைத் திறந்து அதை வைத்துப் பார்த்தார். மணிக்கு மின்சாரம் சரியாகவே போனது. ஏணி போட்டு ஏறினார். மணிக்கும் அதை அடிக்கும் சுத்திக்கும் நடுவே ஒரு தலையணை உறை திணிக்கப்பட்டிருந்தது.

"அதை எடுக்காதீங்க தம்பி. நான்தான் வெச்சேன்."

கீழே நின்றது எதிர்வீட்டுத் தையல்காரப் பெண். வெள்ளையடிக்கிறவரிடம் ஏணி வாங்கி ஏறியதாகச் சொன்னார்.

"அக்கா, என்ன காரியம் பண்ணியிருக்கீங்க! யாராவது அடிபட்டா?"

"வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கிடக்கார். வலியில கண்ணு சொக்குறதே விடியக்காலம்தான். அப்பப் பாத்து ரயிலே இல்லாம இது அடிக்குது. ரெண்டு மாசமா எழுதிப் போட்டேன். யாரு கேட்டா?"

அந்தக் கடிதங்கள் வந்தபோதெல்லாம் பார்க்க வந்தவர் மீட்டர்தான். மூன்று முறையும் உச்சிவெயிலில் வந்து, மணி ஒழுங்காக இருப்பதைப் பார்த்து, 'குறை இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

"இதை விட்டுட்டுப் போக முடியாதுக்கா. தடி ஊன்றிக்கிட்டு ஒருத்தர் தினமும் இந்தப் பக்கம் போவாரே, கண்ணு தெரியாதவர். அவருக்கு விளக்கு இருந்தும் என்ன பிரயோஜனம்?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, அவரை நெனைக்கவே இல்லையே" என்றார்.

மீட்டர் உறையை உருவி எடுத்துக்கொண்டு இறங்கினார். "நாளைக்கு விடியக்காலம் நானே வர்றேன்."

சொன்னபடியே வந்தார். ஐந்து மணிக்கு மேல் பனி இறங்கியது. ஆள் அரவமில்லாத பாதையில், ரயிலே இல்லாமல் விளக்கு மினுங்கி, கட்டை இறங்கி, மணி கணகணவென்று அடித்தது. தண்டவாளத்தை ஒட்டியே நடந்து பார்த்தார். இரண்டு தண்டவாளங்கள் சேரும் ஓரிடத்தில், மின்சாரம் தாண்டாமலிருக்க வைத்த அட்டை தேய்ந்து, இரும்புத்தூள் அப்பியிருந்தது. பனியில் அது நனையும்போதெல்லாம் மின்சாரம் கசிந்து, ரயில் வந்துவிட்டதாகக் கருவி ஏமாந்திருக்கிறது. சுரண்டித் துடைத்துப் புது அட்டை வைத்து முடிக்கும்போது வெயில் ஏறியிருந்தது. அரைநாள் வேலைகூட இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மறுபடி வந்தார். நல்ல செய்தி சொல்லும் ஆவலில் நேரே எதிர்வீட்டுக்குப் போனார். கதவு திறந்திருந்தது. தையல் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலில் கழுத்துவரை போர்த்தியிருந்தது.

அக்கா அவரைப் பார்த்து எழுந்து வந்தார்.

"மணி அடிக்கலையே தம்பி."

"சரி பண்ணிட்டேன்க்கா."

"தெனமும் அது அடிச்சதும் அவர் முழிச்சுக்குவார். நானும் எழுந்து போய் உதட்டை நனைச்சுட்டு வருவேன். உறை வெச்ச ரெண்டு நாளும் விடிஞ்சப்புறமும் நல்லாத் தூங்கினார். இன்னிக்கும் சத்தமே இல்லையா, அதே மாதிரி தூங்குறார்னு நானும் அசந்துட்டேன். ஏழேகால் வண்டிக்கு மணி அடிச்சப்பதான் போய்ப் பாத்தேன். எப்பப் போனாரோ. கூப்பிட்டாரோ என்னவோ."

தன்மேல் தப்பு என்று சொல்ல மீட்டர் வாயெடுத்தார். "மூணு தடவை வந்தும் நான்..."

"கடைசியில வந்தீங்களே" என்றார் அக்கா. அதில் கோபம் இருந்ததா, நன்றி இருந்ததா என்று அவருக்குப் புரியவில்லை.

உறவுக்காரர்கள் வந்து சேரும்வரை அவர் போகவில்லை. வாசலை அடைத்திருந்த துணி மூட்டைகளை உள்ளே எடுத்து வைத்தார். இரவல் நாற்காலிகளை இறக்கினார். மத்தியானம் ஆபீசிலிருந்து போன் வந்தது. வேறொரு கேட்டில் மணி விடாமல் அடிக்கிறதாம், நாளைக்குப் போனால் போதுமாம்.

"இல்ல சார், இப்பவே போறேன்" என்று சொல்லிவிட்டு, அக்காவிடம் தலையசைத்துவிட்டு வெளியே வந்தார்.