உள்துணி வைத்த பட்டை

மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், காது பரிசோதனை அறையில், மூன்று வயதுப் பெண் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் கிலுகிலுப்பை ஆட்டப்பட்டது. குழந்தை திரும்பவில்லை.

1

கதை பிறந்தது அங்கேதான். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அந்த அறைக் கதவு சரியாகச் சாத்தாது. பாதி நான் கேட்டது, மீதி பின்னால் அந்தக் குழந்தையின் அம்மா சொன்னது. (நான் போயிருந்ததும் காது அடைப்புக்குத்தான். வாசகர் இதைக் கணக்கில் கொள்ளவும்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மூடிய காதுகளோடு பிறந்த அவளுக்கு உலகம் ஒரு மௌன—’

அடித்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் அவளை வாண்டு என்பார்கள். அவள் இருக்கும் இடத்தில் மௌனத்துக்கு வேலையே இல்லை.

2

அம்மா தையல்காரர். முன்னறையில் மெஷின். அப்பா பஸ் ஓட்டுகிறார். வாண்டுக்கு இரண்டு பக்கமும் காது மடல் சிறு மொட்டாக நின்றுவிட்டது; துவாரம் இல்லை. உட்காது நன்றாக இருக்கிறது.

“எலும்பு வழியா சத்தத்தை உள்ள அனுப்புற கருவி இருக்கும்மா,” என்றார் டாக்டர், அந்தத் திங்கட்கிழமைக்குச் சில மாதங்கள் முன்பு. “இப்போதைக்குத் தலைப்பட்டையில மாட்டிக்கலாம். மண்டை எலும்பு கெட்டியானதும் ஆபரேஷன் பண்ணி எலும்புலயே பொருத்தலாம். துவாரம் திறக்கிறதும் ஒரு வழி. ஆனா ஆறு ஏழு வயசாகணும், ஸ்கேன் ஒத்துவரணும். திறந்தது மறுபடி சுருங்கலாம். முகத்து நரம்பு வேற பக்கத்துல போகுது.”

“மடல்?”

“விலாவுலேர்ந்து குருத்தெலும்பு எடுத்துச் செய்யலாம். அது பார்வைக்குத்தான். கேக்கறதுக்கு இல்ல.”*

* முதல் வரைவில் இந்த டாக்டரைக் கல்நெஞ்சக்காரராக்கியிருந்தேன், எதையும் உறுதியாகச் சொல்லாததால். அவர் பொய் சொல்ல மறுத்தார் என்பது மூன்றாம் வரைவில்தான் உறைத்தது. குழப்பம் மட்டும் எந்த வரைவிலும் குறையவில்லை.

3

வீட்டில் அப்பாவின் அக்கா காத்திருந்தார்.

“முதல்ல காதை வெச்சு விடுங்க. காதுன்னு ஒண்ணு இருந்தா தானா கேக்கும்.”

“அது கேக்கறதுக்கு இல்லையாம் அண்ணி.”

“பின்ன கம்மல் மாட்டறதுக்கா?”



பட்டையை மாட்டிய அன்று, மருத்துவமனையில் வாண்டு சத்தத்துக்குத் திரும்பினாள். வீட்டுக்கு வந்தபின் திரும்புவதை நிறுத்திவிட்டாள். சில வாரம் பார்த்த அப்பா சொன்னார்: “எதுக்குக் குழந்தைக்கு இந்தத் தொல்லை? கழட்டிப் போடு. பெருசானதும் துவாரத்தைத் திறந்துடலாம்.”

(இந்த இடத்தில் அம்மாவின் மனதில் ஓடியதை ஒரு பத்தி எழுதினேன். எனக்குத் தெரியாததை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.) அவர் செய்தது இது: கழற்றும் முன் ஒரு தடவை மருத்துவமனையில் காட்டிவிடலாம் என்று அந்தத் திங்கட்கிழமை குழந்தையைக் கிளப்பினார்.

4

“பாத்தீங்களா மேடம், திரும்பல,” என்றார் அப்பா. “கழட்டிடறோம்.”

“பேச்சு கத்துக்கிற வயசுங்க இது,” என்றார் கிலுகிலுப்பை ஆட்டிய பரிசோதகர். “பெருசானப்புறம் துவாரம் திறந்தாலும் இந்த வயசு திரும்ப வருமா?”

பட்டையைக் கழற்றித் திருப்பினார். உள்பக்கம் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த பருத்தித் துணி. கருவியின் வட்டத்தையும் மூடியிருந்தது. ஓரம் வெளியே தெரியாத தையல்.

“இதை யார் வெச்சது?”

“நான்தாங்க,” என்றார் அம்மா. “அந்த வட்டம் அழுத்தி அழுத்தி தோல் செவந்துபோச்சு. உள்துணி இல்லாம ஒரு துணியைக்கூட நான் வெளிய குடுத்ததில்ல.”

“தையல் பிரமாதம். ஆனா வட்டம் தோலோட ஒட்டி அழுத்தினாத்தான் சத்தம் எலும்புக்குப் போகும். நீங்க மெத்தை போட்டுட்டீங்க, சத்தம் அதுலயே படுத்துத் தூங்கிடுச்சு. செவந்தா இடத்தைக் கொஞ்சம் மாத்தி மாத்திக் கட்டுங்க.”

“அப்ப இத்தனை நாளா நானே…”

அவர் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப் போவதில்லை.

அப்பா குனிந்து குழந்தையின் செருப்பைச் சரிசெய்தார். அம்மா கைப்பையிலிருந்து நூல்வெட்டியை எடுத்து அங்கேயே தையலைப் பிரித்தார்.

5

முதல் முடிவு: கிலுகிலுப்பை ஆடுகிறது, குழந்தை திரும்புகிறது, எல்லோரும் கண்ணைத் துடைக்கிறார்கள். எழுதினேன், இனித்தது, கிழித்தேன்.

இரண்டாவது: திரும்பவில்லை. இதையும் எழுத மனம் வரவில்லை.

நடந்தது: பட்டையை மறுபடி மாட்டிக் கிலுகிலுப்பையை ஆட்டினார்கள்; வாண்டு அசையாமல் நின்றாள். பிறகு பட்டையைப் பிடுங்கப் பார்த்தாள். கேட்டதாலா, உறுத்தியதாலா? பெஞ்சிலிருந்து எனக்குத் தெரியவில்லை. அதற்குள் என் முறை வந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

பொருத்துவதா, திறப்பதா, மடல் செய்வதா என்று என்னைக் கேட்காதீர்கள். இதைப் பற்றி இத்தனை படித்தும் என்னால் முடிவெடுக்க முடியவில்லை. நீங்கள் எடுத்தால் அண்ணியிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

பிறகு அம்மாவிடம் விசாரித்தேன். ஆபரேஷன் பற்றி இன்னும் முடிவாகவில்லை. பட்டையில் இப்போது உள்துணி இல்லை. முன்னறையில் தையல் மெஷின் ஓடத் தொடங்கினால் வாண்டு பட்டையைக் கழற்றிவிடுகிறாள். மெஷின் நின்றதும் எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டுகிறாள்.